ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலும் ஜமீலா டீச்சரும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பள்ளி எழுத்தர் ராமசாமி தொலைபேசியில் அழைத்தார். தலைமையாசிரியை பதவியிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் அழைப்பது அரிது. பழைய சான்றிதழ் எதிலாவது என் கையெழுத்துக் குறித்துச் சந்தேகம் வந்தால் அழைப்பார். "மேடம், நம்ம ஜமீலா டீச்சர் தவறிட்டாக" என்றார். "எந்த ஜமீலா?" என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் ஒரே ஒரு ஜமீலாதான் இருந்தார். "கம்ப்யூட்டர் டீச்சர்தான் மேடம். விடியக்காலம் நெஞ்சு வலின்னாகளாம். ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிருச்சு. இன்னைக்கே அடக்கம்னு அவுக அண்ணன் சொன்னாரு." நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு எழுபது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலர் கம்பத்தில் எங்கள் பள்ளியில் அவரிடம் படித்தவர்கள். சிலர் அவருடன் பணியாற்றியவர்கள். அவரைப் பற்றி நல்லதாக எழுதித் தரும்படி பள்ளியின் நினைவு மலர்க்குழுவினர் கேட்டார்கள். நல்லது எழுதுவது எளிது. நான் அவரிடம் கண்டவற்றை நடந்த முறையில் எழுதுகிறேன். அதில் ஒரு நிகழ்ச்சி உங்களுக்குத் தவறாகத் தெரிவிக்கப்பட்டது. அதைத் தவறாகத் தெரிவித்தவள் நான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம் அவர் நேர்முகத் தேர்வுக்கு வந்தார். உத்தமபாளையத்திலிருந்து பேருந்தில் வந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என் எதிரே அமர்ந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதிப் பள்ளியில் வளர்ந்தவள் நான். ஒருவர் எழுதும் விண்ணப்பத்தை வைத்தே அவரைப் பாதி எடைபோட்டுவிடுவேன். அவருடைய ஆங்கில விண்ணப்பத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டு இடத்துல இருக்கு மேடம். நீங்க ஒண்ணுதான் பாத்தீக" என்று சொல்லி, மேசைமேலிருந்த என் பேனாவையே எடுத்து இரண்டாவதையும் வட்டமிட்டார். பிறகு நான் கேட்டேன்: "நீங்கள் எழுதும் கணினி நிரல் தவறான விடை தந்தால் யார் பொறுப்பு?" அவர் யோசிக்கவே இல்லை. "எழுதினவதான் மேடம். மெஷின் பாவம், சொன்னதைச் செய்யும்." அவரை அன்றே நியமித்தேன்.

ஆய்வகத்தில் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. மின்சாரம் பாதி நாள் இருக்காது. பிற ஆசிரியர்கள் மின்வெட்டு நேரத்தில் பிள்ளைகளை விளையாட அனுப்பிவிடுவார்கள். ஜமீலா கரும்பலகையில் நிரலை எழுதி, ஒரு மாணவனை எழுப்பி வரிவரியாகப் படிக்கச் சொல்வார். இன்னொருத்தி அதன்படி பலகையின் ஓரத்தில் எண்களை எழுதி அழித்துக்கொண்டிருப்பாள். "கரண்டு இல்லாட்டி என்னடா, தலைக்குள்ள ஓட்டு. அதுக்கு யூபிஎஸ் வேணாம்" என்பார். ஒருநாள் நான் அந்த வழியாகப் போனபோது உள்ளே ஒரு பையன், "டீச்சர், என் தலை ஹேங் ஆயிருச்சு" என்றான். "அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார். அவன் போய்க் கழுவிவிட்டு வந்தான். நான் உள்ளே நுழைந்து எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் சிரிப்பு இருந்தால் பாடம் இல்லை என்று நம்பியவள் நான். அந்த வகுப்பில் இரண்டும் இருந்தன.

பாடத்திட்டத்தில் இருந்தது சி ப்ளஸ் ப்ளஸ். விருப்பமுள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அவர் ஜாவா என்ற கணினி மொழியைக் கற்றுத்தந்தார். ஆசிரியர்களை மதிப்பிடப் பின்பெஞ்சில் அமர்வது என் வழக்கம். ஜமீலாவின் வகுப்பில் மட்டும் மதிப்பீட்டுத் தாளை எடுத்துச்செல்வதை நாளடைவில் நிறுத்திவிட்டு, குறிப்பேட்டை எடுத்துச்சென்றேன். அறுபத்தைந்து வயதில் புதிய மொழி ஒன்று புரிவது எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் நடத்திய பாடத்தை இங்கே விளக்க வேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதைச் சார்ந்தது. ஜாவாவில் கிளாஸ் என்பது ஒரு வகையைக் குறிக்கும். ‘ஜீப்’ என்பது ஒரு கிளாஸ் என்று கொள்ளுங்கள். அதிலிருந்து பிறந்த கிளாஸ் ‘தோட்ட ஜீப்’. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போவது. தோட்ட ஜீப்பும் ஜீப்தான். ஆனால் ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்டால் சாதாரண ஜீப் ‘குமுளி’ என்று சொல்லும், தோட்ட ஜீப் ‘தோட்டம்’ என்று சொல்லும். ஜமீலா ஓர் அட்டையில் ‘தோட்ட ஜீப்’ என்று எழுதி, அதை ஒரு கவருக்குள் போட்டார். கவரின்மேல் ‘ஜீப்’ என்று மட்டும் எழுதினார்.

"இப்ப கவர்கிட்ட ‘எங்க போற?’ன்னு கேக்குறேன். என்ன பதில் வரும்?"

பாதிப் பேர் குமுளி என்றார்கள், பாதிப் பேர் தோட்டம் என்றார்கள்.

"ரெண்டும் சரி. அந்தக் கேள்விய எப்படி எழுதி வச்சிருக்கோங்கிறதப் பொறுத்தது. சாதாரணமா எழுதியிருந்தா, கவரைப் பிரிச்சு உள்ள இருக்கிறவன்கிட்ட கேக்கும். அவன் தோட்டம்னு சொல்வான். ‘ஸ்டாடிக்’னு ஒரு வார்த்தையச் சேத்து எழுதியிருந்தா, கவரைப் பிரிக்காது. மேல என்ன எழுதியிருக்கோ அதைப் படிச்சிட்டுப் போயிரும். உள்ள யாரு இருக்கான்னு அதுக்கு அக்கறை இல்ல."

முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். "டீச்சர், கவருக்குள்ள எப்படி டீச்சர் ஜீப்பு உக்காரும்?"

"உங்க ஊரு ஜீப்புக்குள்ள இருபது பேரு உக்காரலையாடா? அது மாதிரித்தான்."

நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: ஸ்டாடிக் என்றால் கவர்; மற்றது என்றால் உள்ளிருப்பவர். அந்தக் குறிப்பு சரியானது. அதைப் புரிந்துகொண்டுதான் எழுதினேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று பின்னால் நடந்ததற்கு நான் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு அவர் பள்ளிக்காக ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்களை ஏற்றினால் தேர்ச்சிப் பட்டியலை அதுவே அச்சடித்துத் தரும். அதற்கு முன் வகுப்பாசிரியர்கள் கையால் தயாரித்தார்கள். பரிந்துரைக்கும் உறவுக்கும் அதில் இடம் இருந்தது. எனக்கு அது பிடிக்காது. ஜமீலா முதல் வடிவத்தை என் அறைக்குக் கொண்டுவந்து விளக்கினார். ‘மாணவர்’ என்று ஒரு கிளாஸ். ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஒன்று. ‘தேர்ச்சியா?’ என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டால் பதில் வரும்.

"பிள்ளையிடமா கேட்பது?" என்றேன். "தேர்ச்சி விதி பள்ளியுடையது. பிள்ளையுடையதல்ல. அதைக் கிளாஸின் தலையில் எழுதுங்கள். ஸ்டாடிக்காக எழுதுங்கள்."

"எழுதலாம் மேடம். இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பின்னாடி வேற மாதிரிப் பிள்ள ஒண்ணு வந்துச்சுன்னா..."

"இந்தப் பள்ளியில் வேறு மாதிரிப் பிள்ளை என்று யாரும் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி."

"இருந்தாலும் மேடம்..."

"ஜமீலா, நான் சொன்னதை எழுதுங்கள்."

அவர் தாளை மடித்துக்கொண்டார். "சரிங்க மேடம்" என்றார். எழுதினார். அந்த ஆண்டுப் பட்டியல் பிழையின்றி வந்தது. நான் பெருமைப்பட்டேன். ஆசிரியர் கூட்டத்தில் அது என் யோசனை என்றும் சொன்னேன்.

இரண்டாயிரத்து ஆறில் ஈஸ்வரி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். கூடலூர்ப் பெண். பிறவியிலிருந்தே காது கேளாது. உதட்டசைவைப் பார்த்தும், எழுதிக் காட்டியும் படிப்பவள். கணக்கில் வகுப்பில் முதல் மூவரில் ஒருத்தி. அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு இரண்டு மொழிகளில் ஒன்றிலிருந்து விலக்கு உண்டு. அவள் ஆங்கிலத்தில் விலக்குப் பெற்றாள். ஜமீலா நிரலில் ‘மாணவர்’ கிளாஸிலிருந்து பிறந்த ‘விலக்கு மாணவர்’ என்று இன்னொரு கிளாஸை எழுதி, அதற்குத் தனித் தேர்ச்சி விதியை எழுதினார். எனக்கும் தெரிவித்தார். செய்யுங்கள் என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் மதிப்பெண் மட்டும் அச்சடிப்போம். தேர்ச்சியா இல்லையா என்று நிரல் சொல்வது ஆண்டில் ஒருமுறைதான்.

ஏப்ரல் கடைசியில் பட்டியல் வந்தது. நான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் தேறாதவர்கள் நால்வர். நான்காவது பெயர் ஈஸ்வரி.

அன்று பிற்பகல் அவளுடைய அப்பா வேலுச்சாமி வந்தார். தோட்ட வேலைக்குப் போகும் மனிதர். கையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இப்போது நினைவிருக்கிறது.

"பிள்ள பெயிலாமுல்ல மேடம்."

"ஆமாம். மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு படிக்கட்டும்."

"வேணாம் மேடம். காது கேக்காத பிள்ளைய இம்புட்டு தூரம் படிக்க வச்சதே பெருசுன்னு எங்க வீட்ல சொல்றாக. பெயிலும் ஆயிருச்சு. டீசியக் குடுங்க. நாளைக்குக் காலைல அவ சித்தி கூடத் தோட்டத்துக்கு ஏத்தி விட்டுர்றேன். அங்கன லயத்து வீட்டுலயே தங்கிக்கிரும்."

"நல்லாப் படிக்கிற பிள்ளையாச்சே" என்று அருகிலிருந்த ராமசாமி மெதுவாகச் சொன்னார். "ஒருதரம் பாத்துக்கிருவோமா மேடம்?"

நான் பட்டியலை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலத்துக்கு நேரே எண் இல்லை. தேர்ச்சி இல்லை என்று அச்சிட்டிருந்தது. கீழே என் கையெழுத்து. "கணினி யாருக்காகவும் மாற்றிச் சொல்லாது" என்றேன். வேலுச்சாமி தலையசைத்தார். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஆங்கிலத்துக்கு நேரே ஏன் எண் இல்லை என்று என் கண்ணெதிரிலேயே இருந்த கேள்வியை நான் கேட்கவில்லை.

ஜமீலாவுக்கு ராமசாமி சொல்லியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு அவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மேடம், ஈஸ்வரி பாஸ். தனியா அவளை மட்டும் கேட்டா பாஸுங்குது. எல்லாரோடயும் வரிசையில வச்சுக் கேட்டா பெயிலுங்குது."

"அது எப்படி?"

"வரிசை முழுக்க ‘மாணவர்’னு எழுதின கவருதான் மேடம். இவளோட கவருக்குள்ள ‘விலக்கு மாணவர்’ இருக்கு. ஆனா விதிய ஸ்டாடிக்கா வச்சிருக்கோம்ல. கவரைப் பிரிக்கவே இல்ல. மேல ‘மாணவர்’னு பாத்துச்சு, எல்லாருக்கும் உள்ள விதியப் போட்டுச்சு. இங்கிலீசுல மார்க் இல்ல. பெயிலுன்னுருச்சு."

"நீங்கள் இவளுக்குத் தனி விதி எழுதினீர்களே."

"எழுதுனேன். மொதல்ல ஸ்டாடிக் இல்லாமத்தான் எழுதுனேன். மேல இருக்கிற விதி ஸ்டாடிக்கா இருக்கு, கீழ அதே பேர்ல சாதாரணமா எழுதக் கூடாதுன்னு, நிரலச் சோதிக்கிற கம்பைலர் திட்டுச்சு. அப்பவே நான் நின்னு யோசிச்சிருக்கணும். அது வாயை அடைக்கணும்னு கீழயும் அதே வார்த்தையப் போட்டுவிட்டேன். தனியா ஓட்டிப் பாத்தேன், சரியாச் சொல்லுச்சு. வரிசையில ஓட்டிப் பாக்கல. பாடம் நடத்துறப்ப நான் சொன்னதுதான மேடம். நானே செஞ்சிருக்கேன்."

இரண்டு இடத்தில் இருந்த அந்த ஒரு வார்த்தையை நீக்கிவிட்டுப் பட்டியலை மறுபடி எடுத்திருந்தார். தேறாதவர்கள் மூவர். மேல் விதியில் அந்த வார்த்தை யார் சொல்லி வந்தது என்று அவர் குறிப்பிடவில்லை. நானும் குறிப்பிடவில்லை. கூடலூரிலிருந்து போகும் தோட்ட ஜீப்புகள் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் இறங்கினோம். மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், கைப்பையும் குடையுமாக நின்றேன். ஜீப்புகளுக்குள்ளும் பின்கம்பியிலும் பெண்கள் நெருக்கி ஏறியிருந்தார்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. எங்களைப் பார்த்ததும் ஒருத்தி, "ஏத்தா, தள்ளி உக்காருங்கடி, டீச்சரம்மாகளும் காய் பறிக்க வாராக" என்றாள். இன்னொருத்தி, "குடையெல்லாம் கொண்டாந்திருக்காக, கங்காணி வேலைக்குத்தான் போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது ஜீப்பின் நடுப்பலகையில் ஈஸ்வரி, சித்தியின் தோளுக்கும் ஒரு மூட்டைக்கும் இடையில் அமர்ந்திருந்தாள். அவளுக்கு அந்தச் சிரிப்புக் கேட்கவில்லை; எங்களை அவள் பார்க்கவும் இல்லை.

வேலுச்சாமி ஜீப்பின் ஓரமாக நின்றிருந்தார். ஜமீலா அவரிடம் போய், "அண்ணே, பிள்ள பாஸ். லிஸ்ட்டுல தப்பு விழுந்துருச்சு. எறக்கி விடுங்க" என்றார்.

வேலுச்சாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நேத்து நீங்கதான மேடம் சொன்னீக, கம்ப்யூட்டரு மாத்திச் சொல்லாதுன்னு. ஒரு ராத்திரியில மாத்திச் சொல்லுதுங்கிறீக. எந்தப் பேப்பரு நெசம்? நாளைக்கு மூணாவதா ஒண்ணு கொண்டாருவீகளா?"

பதில் சொல்ல வேண்டியவள் நான். வாயைத் திறந்தேன். பெண்கள் எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமையிடத்தில் இருந்தவள் ஒரு ஜீப் ஸ்டாண்டில் நின்று, என் ஆணையால் வந்த தவறு என்று சொல்ல வேண்டும். நான் குடையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"தப்பு எம்பேர்ல அண்ணே" என்றார் ஜமீலா. "ப்ரோக்ராம் எழுதினது நான். மேடத்துக்கு இதுல ஒண்ணும் இல்ல. அவுக நான் குடுத்ததுலதான் கையெழுத்துப் போட்டாக."

"படிச்சவுக பாத்துச் செய்ய வேண்டாமாத்தா? நாங்க மட்டும் ஜீப்பை விட்டுப்புட்டு முழிக்கணுமா?" என்றார் அவர். "சித்திகாரி கூட ஏத்தியாச்சு. எறக்கினா டிரைவரு சத்தம் போடுவான். போகட்டும் விடுங்க."

அப்போது ஜமீலா செய்ததை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அவர் வேலுச்சாமியுடன் மேற்கொண்டு பேசவில்லை. ஜீப்பின் படியில் ஏறி, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, புதிய பட்டியலை ஈஸ்வரியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். பேசவில்லை. விரலால் காட்டவும் இல்லை. அவள் படிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ஜமீலா அசையவில்லை. ஈஸ்வரி தன் பெயரைக் கண்டாள். ஆங்கிலத்துக்கு நேரே இம்முறை ‘விலக்கு’ என்றிருந்தது. வரியை இறுதிவரை படித்தாள். பிறகு சித்தியின் மடியில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, மூன்று பெண்களின் முழங்கால்களைத் தாண்டி, யாரிடமும் கேட்காமல் இறங்கினாள். ஜீப் போய்விட்டது. வேலுச்சாமி சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினார். ஜமீலா பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பள்ளி திறந்ததும் நிர்வாகக் குழு விசாரித்தது. ஜமீலா எழுதிக் கொடுத்த விளக்கத்தில் ஒரே வரி: நான் எழுதிய நிரலில் நேர்ந்த தவறு, இனி வரிசையில் ஓட்டிப் பார்த்தே தருவேன். அவரை ஓராண்டு ஆய்வகப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். என்னிடம் கருத்துக் கேட்டார்கள். "நல்ல ஆசிரியர், கவனக்குறைவு" என்றேன். அறிவிப்புப் பலகையில் ‘கணினிப் பிழை திருத்தப்பட்டது’ என்று என் கையெழுத்தில் ஒட்டினேன். உங்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள். அது கணினியின் பிழை அல்ல. வெறும் கவனக்குறைவும் அல்ல. அவர் எச்சரித்தார்; நான் அவர் வாயை அடைத்தேன். அவர் கம்பைலரின் வாயை அடைத்தது அதற்குப் பிறகுதான்.

அந்த ஓராண்டிலும் அவர் என்னிடம் நடந்துகொண்ட முறை மாறவில்லை. காலையில் வணக்கம் சொல்வார். ரமலானில் நோன்புக்கஞ்சி கொடுத்தனுப்புவார். ஒருமுறை மட்டும் நான் பேச்சை அங்கே கொண்டுபோக முயன்றேன். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. "ஜமீலா, அன்று கூடலூரில்..." என்று தொடங்கினேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னார்: "பிள்ள பத்தாவதுல கணக்குல நூறு வாங்கும் மேடம், பாத்துக்கிட்டே இருங்க." பெருந்தன்மையா, அல்லது என்னை மேலே பேசவிடுவதில் அவருக்கு விருப்பமில்லையா என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும், அந்த மௌனம் எனக்கு வசதியாக இருந்தது. ஈஸ்வரி வாங்கியது தொண்ணூற்றாறு. "நாலு மார்க்க எங்கனடி விட்ட?" என்று ஜமீலா அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டதைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், இறந்தவருக்காக ஓதும் பாத்திஹாவுக்கு உத்தமபாளையம் சென்றேன். ஜமீலாவின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவா. மேடம்கிட்ட ஒரு எழுத்து தப்பிக்காதுன்னு" என்றார். நான் அவர் அருகில் அமர்ந்தேன். சற்று நேரத்தில் ஈஸ்வரி வந்தாள். இப்போது தேனியில் கல்லூரியில் முதலாண்டு, கணிதம். என்னைக் கண்டதும் பக்கத்தில் அமர்ந்து, நோட்டை எடுத்து எழுதினாள். "பத்தாவது படிக்கும்போது டீச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்."

நான் பேனாவை வாங்கி அதன்கீழ் எழுதினேன். "அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்த விதியை அப்படி எழுதச் சொன்னவள் நான். அவர் வேண்டாம் என்றார்."

அவள் படித்தாள். நான் எதிர்பார்த்தது ஆறுதல் என்று இப்போது புரிகிறது. அவள் எழுதியது இது: "அப்பாவிடம் சொல்லுங்கள் மேடம். அவர் இன்னும் டீச்சரைத்தான் குறை சொல்கிறார்."

கடந்த ஞாயிற்றுக்கிழமை கூடலூருக்குப் போனேன். வேலுச்சாமிக்கு இப்போது முழங்கால் வலி, தோட்டத்துக்குப் போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டார். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கவர், உள்ளிருப்பவர் என்றெல்லாம் விளக்கவில்லை. ஜமீலா வேண்டாம் என்று சொன்னதை நான் செய்யச் சொன்னேன், அன்று ஜீப் ஸ்டாண்டில் அதைச் சொல்லாமல் நின்றேன் என்றேன். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த டீச்சரம்மா பஸ்ஸ்டாண்டுல நாலஞ்சு தடவ எதுக்க வந்திருக்காக" என்றார். "பிள்ள எப்படி இருக்கு அண்ணேன்னு கேப்பாக. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். போன பங்குனியிலகூடக் கேட்டாக. அவுக இருக்கும்போது வந்து சொல்லியிருந்தா நானும் ஒரு வார்த்த பேசியிருப்பேன்ல மேடம்."

ஈஸ்வரி காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இந்தக் கட்டுரையின் பிரதியைப் பள்ளியில் ஜமீலாவின் பணிக்கோப்பில், அவருடைய அந்த ஒருவரி விளக்கத்துக்கு அடுத்த பக்கமாகச் சேர்க்கும்படி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். சேர்க்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். எழுதும் ஒவ்வொரு நிரலையும் அச்செடுத்து, அடியில் ‘எழுதியவர்’ என்றும் ‘சரிபார்த்தவர்’ என்றும் இரண்டு கோடுகள் போட்டு வைப்பது ஜமீலாவின் வழக்கம். தேர்ச்சி நிரலின் அந்தத் தாளை, இரண்டு இடத்தில் ஸ்டாடிக் என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, தவறு தெரிந்த அன்று மாலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முதல் கோட்டின்மேல் அவருடைய கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. இரண்டாவது கோட்டின்மேல் நான் எழுத வேண்டும் என்று வைத்தார். அன்று எழுதவில்லை. இப்போது எழுதினால், அவர் தேதிக்குப் பக்கத்தில் என் தேதி மூன்றரை ஆண்டு பிந்தியிருக்கும். பழைய தேதி போட்டால் அது பொய். அந்தக் கோட்டைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.